எண்ணெய்க்குள் விழுந்தது

நிருஜாவுக்குச் சம்பளம் கொடுப்பதே அடிப்பதற்குத்தான். காலையில் வந்ததும் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொள்வாள். உறைபெட்டியில் கிடந்து கல்லாகிப்போன கம்பளித் துண்டு ஒன்றை எடுத்து மேசையில் வைப்பாள். மரச் சுத்தியலை ஓங்கி ஒரு போடு போடுவாள். இரும்புச் சுத்தியலுக்கு எங்கள் கூடத்தில் இடமில்லை. பொறி பறந்தால் எண்ணெய் ஆவி பற்றிக்கொள்ளும், எல்லோரும் ஒரே பெட்டியில் போக வேண்டியதுதான். கம்பளி கிழிந்தால், "இது செத்துப்போச்சு" என்று தூக்கி எறிவாள். கிழியாவிட்டால் முறுக்கிப் பிழிந்து, திரும்ப எண்ணெய்க்குள் அமுக்கி, திரும்ப உறையவைத்து, மறுநாள் திரும்ப அடிப்பாள்.

இது பைத்தியக்காரத்தனம் இல்லை. வடகடலில் கப்பல் உடைந்து எண்ணெய் கொட்டினால் அதை அள்ள ஏதாவது ஒன்றைப் போட வேண்டும். சாதாரணப் பஞ்சைப் போட்டால் அது எண்ணெயோடு தண்ணீரையும் குடித்துவிட்டுக் கனம் தாங்காமல் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பனிக்கட்டிகள் மோதுகிற கடலென்றால் அதற்கு முன்பே நார் நாராகிவிடும். எண்ணெயை மட்டும் குடிக்க வேண்டும், குடித்த பிறகும் மிதக்க வேண்டும், எத்தனை அடி பட்டாலும் கிழியக் கூடாது. அப்படி ஒரு பொருளைத்தான் நாங்கள் செய்துகொண்டிருந்தோம். யாரும் வாங்காத முரட்டு ஆட்டுக் கம்பளியை எடுத்து, மெழுகு போன்ற ஒரு பூச்சு கொடுத்து, வலைக் குழாய்க்குள் திணித்து, நடுவில் கயிறு ஓட்டி, தொடையளவு தடிமனில் நீளமாகச் செய்வோம். கம்பளிப் பாம்பு என்று நான்தான் பெயர் வைத்தேன்.

நான் எஸ்தர், தூத்துக்குடிக்காரி. நோர்வேயில், ஒஸ்லோ ஃபியோர்டு என்கிற கடற்கழியின் கரையில் பழைய படகுக் கொட்டகையை மாற்றிக் கட்டிய அந்தக் கூடத்தில் அலை இயந்திரத்தை ஓட்டுவது என் வேலை. ஆளை விழுங்கும் ஆழமுள்ள ஒரு தொட்டி. அதில் ஃபியோர்டிலிருந்து இழுத்த கடல்நீர், மேலே விரல் கனத்துக்குக் கச்சா எண்ணெய். நான் பொத்தானை அழுத்தினால் இரும்புப் பலகை முன்னும் பின்னும் போய் அலை எழுப்பும். அலை சுவரில் அறையும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். நான் கோபக்காரி. மெதுவாகப் பேசும் ஊரில் வந்து மாட்டிக்கொண்டவள்.

வேலையில் சேர்ந்த அன்று நிருஜா என்னைப் பார்த்து, "நீர் இந்தியாவிலை எந்த இடம்?" என்று கேட்டாள். எங்கள் ஊரில் மேடை நாடகத்தில் ராஜாதான் மந்திரியை "நீர்" என்பார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அது யாழ்ப்பாணத்தில் மரியாதையும் நெருக்கமும் சேர்ந்த சொல் என்று பிறகுதான் தெரிந்தது. நான் அவளை அக்கா என்றேன். மூன்று வயது மூத்தவள். சிரித்தால் கூடமே கேட்கும். இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் மடங்காது.

விரல்களுக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அவளே ஒரு நாள் கம்பளியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்தவள். மதுரனைக் கட்டிக்கொண்டு ஒஸ்லோ வந்தாள். மதுரன் பஸ் ஓட்டுபவன். கோயில் திருவிழாவில் தேர் வடத்துக்கு முதல் ஆளாக வந்து நிற்பான். யார் வீடு மாறினாலும் சோபாவைத் தூக்க அவன்தான். அவர்கள் குடியிருந்த ஸ்டோவ்னர் பக்கம் போய்க் கேளுங்கள், தங்கமான பிள்ளை என்பார்கள். தங்கத்தை உரசிப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

மொழி வகுப்புத் தோழியோடு போனில் நொர்வீஜிய மொழியில் சிரித்துப் பேசினாள் என்று முதல் அறை. சிரித்தது எதற்கு என்று தனக்குப் புரியவில்லையாம். அப்புறம் அறைக்குக் காரணம் தேவைப்படவில்லை. மணிக்கட்டை முறுக்கினான். இஸ்திரிப் பெட்டியைத் தோளில் வைத்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒஸ்லோவிலேயே மேற்படிப்பு முடித்தாள். இந்தக் கூடத்தில் வேலை கிடைத்ததும் அவனுக்குப் புதிதாக ஒரு காரணம் கிடைத்தது. அவள் தலைமுடியில் எண்ணெய் வாடை வருகிறதாம். கச்சா எண்ணெயின் வாடை அப்படி ஒன்றும் போகாது, உண்மைதான். முடியைப் பிடித்து முகர்ந்து பார்ப்பான், பிறகு அதே பிடியில் சுவரில் மோதுவான்.

"ஒரு சனிக்கிழமை, கம்பளி மாதிரியளை உறைபெட்டிக்குள்ளை இருந்து எடுக்க வேணும் எண்டு வெளிக்கிட்டனான். கதவை என்ர கையோடை சாத்தினவர். சாத்திப்போட்டுக் கதவிலை சாய்ஞ்சுகொண்டு நிண்டு, ஆறுதலாக் கேக்கிறார், இப்ப போவீரோ எண்டு. நான் இல்லை எண்டு சொல்லுமட்டும் திறக்கேல்லை."

"இல்லைன்னு சொன்னீங்களா?"

"சொன்னனான். கதவைத் திறந்தார். திறந்த உடனை ஓடிட்டன்."

முறிந்த விரல்களோடு படியிறங்கி, நிலத்தடி ரயில் ஏறி, நேரே அவசர மருத்துவப் பிரிவு. அங்கிருந்து போலீஸ். அப்புறம் பெண்கள் காப்பகம். மதுரன் அவள் பக்கத்தில் வரக் கூடாது என்று தடை போட்டார்கள். அவள் முகவரியை எல்லாப் பதிவிலும் மறைத்தார்கள். கழுத்தில் ஒரு சின்னக் கருவி மாட்டினார்கள், அழுத்தினால் போலீஸ் வரும். நகரின் மறுகோடியில், மோர்டென்ஸ்ருட்டில் ஒரு வீடு. அந்த வீட்டைப் பெற்ற அப்பாவுக்கும் சொல்லவில்லை, கூடப் பிறந்த அண்ணனுக்கும் சொல்லவில்லை.

போலீஸ் தடை போட்டது மதுரனுக்கு மட்டும். அருட்பிரகாசம் மாஸ்டருக்கு யார் தடை போடுவது? சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்துப் பெரிய மனிதர் ஆனவர். யார் வீட்டில் பிரச்சினை என்றாலும் இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்துப் பேசி முடிப்பார். அதற்கு அவரை யாரும் கூப்பிட வேண்டியதில்லை. நிருஜா எண்ணை மாற்ற மாற்ற, எங்கிருந்தோ பிடித்து அழைத்துவிடுவார்.

"பிள்ளை, அடிக்கிற கைதான் அணைக்கும்."

இதைக் கேட்டபோது எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அணைத்த கையை நான் பார்த்ததில்லை. அடித்த கை விட்டுப்போன அடையாளத்தைத் தினமும் பக்கத்து மேசையில் பார்க்கிறேன். "போனைக் குடுங்கக்கா, நாலு வார்த்தை நான் பேசறேன்" என்றேன். அவள் கொடுக்கவில்லை. பெரியவர்களை அப்படிப் பேசக் கூடாதாம்.

அந்த இலையுதிர்காலத்தில் அவளுடைய அப்பா இரத்தினவேல் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இறந்துபோனார். அவள் பக்கம் நின்ற ஒரே ஆள் அவர். "அவனை விட்டிட்டு நிம்மதியா இரு, மகள்" என்று சொன்ன ஒரே ஆள். மதுரனின் சொந்தக்காரர்கள் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார்கள் என்பதால் அவள் போகவில்லை. அங்கே கொள்ளி வைத்ததை இங்கே சாப்பாட்டு அறையில் போனில் பார்த்து வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன். மறுநாள் வந்து சுத்தியலை எடுத்தவள் அன்று மதியம் வரை கீழே வைக்கவில்லை. மேசையின் கால் ஒன்று உடைந்தது.

அடுத்த நாள்தான் அந்த வினை வந்து சேர்ந்தது.

எங்கள் ஊரில் ஆள் செத்தால் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுவோம். யாழ்ப்பாணத்தாரின் மரண அறிவித்தல் அதைவிட முறையானது. பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், பிள்ளைகள், மருமக்கள், சம்பந்திகள், பேரப்பிள்ளைகள், ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் அவர் இருக்கும் நாடு. உலகம் முழுக்கச் சிதறிய சனம், ஒருவர் சாவில்தான் ஒரே பக்கத்தில் சேர்ந்து நிற்கிறார்கள். அதில் ஒரு பெயர் விடுபட்டால் அது சாவைவிடப் பெரிய பேச்சாகிவிடும். கனடாவில் இருக்கும் அண்ணன் சயூரன்தான் எழுதி இணையத்தில் போட்டிருந்தார். நிருஜா போனை என் முன்னால் நீட்டினாள்.

"...அன்னார், சயூரன் (கனடா), நிருஜா (பொறியியலாளர், கடல் எண்ணெய் ஆய்வுகூடம், ஒஸ்லோ, நோர்வே) ஆகியோரின் பாசமிகு தந்தையும், மதுரன் (நோர்வே) அவர்களின் அன்பு மாமனாரும் ஆவார்."

அவள் இன்னும் இந்த வேலையில்தான் இருக்கிறாள் என்று மதுரனுக்கு அதுவரை தெரியாது. முன்பு எங்கள் கூடம் நகரின் மறுபக்கத்தில் இருந்தது. இங்கே மாறியபோது அவள் வேலையை விட்டுவிட்டாள் என்று வெளியே சொல்லி வைத்திருந்தோம். ஒஸ்லோவில் கடல் எண்ணெய் ஆய்வுகூடம் என்று தேடினால் எங்கள் கூடம் ஒன்றுதான் வரும். தங்கை பொறியியலாளர் என்று நாலு பேர் பார்க்கட்டும் என்று அண்ணன் பெருமைக்குப் போட்டிருக்கிறார். பெருமை போதாதென்று மருமகனையும் உயிரோடு எழுப்பி உள்ளே சேர்த்திருக்கிறார்.

அவள் உடனே கனடாவுக்கு அழைத்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அண்ணா, அதை அழியுங்கோ. இப்பவே அழியுங்கோ."

"மதுரனை விட்டால் சனம் என்ன கதைக்கும்? அப்பாவின்ரை செத்தவீட்டிலையும் எங்கட மானத்தை வாங்கப்போறியோ?"

"அவர் என்னைக் கொல்லுவார், அண்ணா."

அண்ணன் கடைசியில் வேலையையும் ஊரையும் எடுத்துவிட்டார். மருமகனை எடுக்கவில்லை. அதற்குள் அந்த அறிவித்தலைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் அனுப்பியாயிற்று.

போலீசுக்குச் சொன்னோம். எங்கள் மேலாளர் ஸ்வைனுக்கும் சொன்னோம். வாசல் பூட்டியிருக்கிறது, அழைப்பு இல்லாமல் யாரும் உள்ளே வர முடியாது என்றார். கொஞ்ச நாள் வீட்டிலேயே இரு என்று எல்லோரும் சொன்னோம். அந்த வாரம் முழுநீளப் பாம்பைத் தொட்டியில் இறக்கிப் பெரிய அலையில் சோதிக்க வேண்டும். பல வருட உழைப்பு. "இவ்வளவு நாளும் ஒளிச்சிருந்தது காணும், எஸ்தர்" என்று வந்துவிட்டாள்.

அன்று காலை இரண்டு ஆண்கள் வாசலில் வந்து நின்றார்கள். வெள்ளைச் சட்டை, கையில் பழப் பை, போனில் மாலை போட்ட கிழவரின் படம். வரவேற்பில் இருந்தது அந்த வாரம் மட்டும் மாற்றாக வந்த பெண், நடந்தது எதுவும் தெரியாதவள். மாமனார் இறந்துவிட்டார், மனைவிக்கு ஆறுதல் சொல்ல வந்தேன் என்று மதுரன் கண்ணைத் துடைத்தான். கூட நின்ற பெரியவரோ நரைத்த தலையோடு கைகூப்பினார். சாவு என்று சொன்னால் யாருக்குத்தான் கதவை மூட மனம் வரும்? அவன் மொழிபெயர்த்துக் காட்டிய அறிவித்தலில் நிருஜாவின் பெயரோடு அவன் பெயரும் இருந்தது. அந்தப் பெண் கதவைத் திறந்துவிட்டாள்.

நிருஜாவின் கழுத்துக் கருவி அப்போது உடைமாற்றும் அறையில் அவள் அலமாரியில் கிடந்தது. எண்ணெய் ஆவி இருக்கும் கூடத்துக்குள் போன், கடிகாரம், கருவி எதையும் கொண்டுவரக் கூடாது. அது சட்டம். அந்தச் சட்டத்தை அவளே எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பாள்.

அலை ஓடிக்கொண்டிருந்தது. அவள் தொட்டி ஓரத்து இரும்பு நடைபாதையில், பாம்பை இறக்குவதற்காகக் கம்பித் தடுப்பைத் திறந்துவைத்த இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். இடுப்புப் பட்டையில் மரச் சுத்தியல். இறக்கி ஏற்றிய பாம்பு ஒன்று சொட்டிச் சொட்டி நடைபாதை வழுவழுவென்று கிடந்தது. நான் எதிர்ப் பக்கத்தில் பொத்தான் பலகை முன்னால். அவர்கள் அவள் முன்னால் போய் நின்ற பிறகுதான் பார்த்தேன். பேச்சு காதில் விழட்டும் என்று அலையைப் பாதிக்குக் குறைத்துவிட்டு, எண்ணெய் வழிக்கும் நீளக் கழியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"பிள்ளை, செத்தவீட்டுக்கு எதிரியும் வரலாம்" என்றார் மாஸ்டர். "இது உம்மட மனுசன். துக்கம் விசாரிக்க வந்தவர். அப்பாவின்ரை ஆத்மா சாந்தியடைய வேணுமெண்டா..."

"மாமா போயிட்டார், நிருஜா" என்று மதுரன் விம்மினான். "என்னை மகன் எண்டுதான் கூப்பிடுறவர்."

"அப்பா உங்களை மனுசன் எண்டே ஒருநாளும் சொன்னதில்லை. வெளியிலை போங்கோ."

விரலை முறித்தவனுக்கு இன்னும் "உங்களை"! எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. அவனுடைய அழுகை அந்த நொடியே நின்றது. அவள் பின்னலைப் பிடித்து இழுத்து முகத்தைக் கம்பித் தடுப்பில் மோதினான். பல் உடைந்த சத்தம் அலைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. வாயெல்லாம் ரத்தம். மாஸ்டர், "தம்பி, தம்பி, இதென்ன, கதைச்சுத் தீர்ப்பம்" என்று கையை ஆட்டினார். இன்னும் கதைத்துத் தீர்க்கிறாராம்.

அவன் திரும்ப அடித்தான். வயிற்றில் குத்தினான். அவள் மடங்கியதும் தொண்டையைப் பிடித்துத் தடுப்புக் கம்பிக்கு மேல் முதுகு வளைய அழுத்தினான். அவள் தலை தொட்டிக்கு மேல் தொங்கியது. "எண்ணெய் நாத்தம், எண்ணெய் நாத்தம்" என்று சொல்லிச் சொல்லி அழுத்தினான். நான் கழியை ஓங்கி அவன் முதுகில் அடித்தேன். கழி வளைந்தது, அவன் வளையவில்லை. திரும்பாமலே முழங்கையை வீசினான். என் உதடு கிழிந்து நான் தரையில் விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்தே அவன் காலைக் கடித்தேன். வெட்கமெல்லாம் இல்லை. கடிக்க வாய் இருந்தது, கடித்தேன்.

அதில் அவன் பிடி கொஞ்சம் தளர்ந்தது. நிருஜாவின் வலது கை இடுப்புக்குப் போனது. உறைந்த கம்பளியை வருடக்கணக்காக அடித்துப் பழகிய கை அது. அவனுடைய முழங்கையில் ஒரே அடி. எலும்பு முறிந்தது.

"போடா!" என்று கத்தினாள். "போடா நாயே!"

அவன் அலறிக்கொண்டு பின்னால் அடி வைத்தான். எண்ணெய் வழிந்த இரும்புத் தரை. கால் சறுக்கியது. தடுப்பு திறந்திருந்த இடம். கல்லானாலும் கணவன் என்பார்கள், கல் போலவே போய் விழுந்தான்.

மேலே வந்தபோது தலையும் முகமும் கறுப்பு. மூச்சு இழுக்க வாயைத் திறந்தான், எண்ணெய் உள்ளே போனது. தண்ணீரோ இலையுதிர்காலத்து ஃபியோர்டுத் தண்ணீர், உடம்பை நொடியில் மரக்கச் செய்யும். ஒரு கையால் சுவரைப் பிடித்தான். எண்ணெய் பூசிய சுவரை எவன் பிடிக்க முடியும்? அலை வந்து அவனைச் சுவரில் அறைந்தது. உள்ளே போனான். திரும்ப வந்தான். திரும்ப அறைந்தது.

"முருகா! முருகா!" என்று மாஸ்டர் கத்தினார்.

"சாகட்டும் விடுங்கக்கா!" என்று நான் கத்தினேன். அப்படித்தான் கத்தினேன். அன்றைக்கு அதைத்தான் விரும்பினேன், இன்றைக்கும் அதற்காக வருந்தவில்லை.

அவள் வாயிலிருந்து ரத்தத்தைத் துப்பினாள். தொட்டியைப் பார்த்தாள். அவள் ஒன்றும் செய்ய வேண்டாம், வெறுமனே நின்றாலே போதும். மோர்டென்ஸ்ருட்டில் கதவுக்குக் குறுக்கே நாற்காலி வைத்துவிட்டுத் தூங்கும் வாழ்க்கை அத்தோடு முடியும். யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவன் தலை உள்ளே போவதும் அவள் பார்ப்பதுமாக இருந்தது.

"எஸ்தர், அலையை நிப்பாட்டும்!"

அவள் குரலில் இருந்தது வேலைக் குரல். கூடத்தில் தினமும் கேட்கும் குரல். என் கால்கள் எனக்கு முன்னால் ஓடின. நடைபாதையில் இருந்த சிவப்புப் பொத்தானை அறைந்தேன். அவள் இறக்குவதற்குத் தயாராகக் கிடந்த புதுக் கம்பளிப் பாம்பின் நுனியைக் கட்டிப்பிடித்துத் தூக்கி, திறப்பு வழியாக உதைத்துத் தள்ளினாள். அது அவன் பக்கத்தில் போய் விழுந்து, விழுந்த இடத்திலேயே குடிக்கத் தொடங்கியது. வெள்ளைக் கம்பளி கறுத்துக்கொண்டே போனது. அதைச் சுற்றி எண்ணெய் விலகி, பாயளவு தெளிந்த தண்ணீர் தெரிந்தது. அவன் அந்தத் தெளிந்த இடத்தில் தலையைத் தூக்கி முதல் மூச்சை எடுத்தான். எடுத்த மூச்சில் கறுப்பாக வாந்தி எடுத்தான். பிறகு நல்ல கையை வலைக்குள் நுழைத்துப் பிடித்துக்கொண்டான்.

இழுத்தோம். மாஸ்டரும் வெள்ளைச் சட்டையோடு கயிற்றைப் பிடித்தார். இடது கை விரல்கள் மடங்காததால் நிருஜா கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். தோல் உரிந்து கயிறு சிவந்தது. பருத்த ஆள், நனைந்த உடுப்பு, எண்ணெய் குடித்த பாம்பின் கனம் வேறு. பாம்பு கிழியவில்லை. மூழ்கவும் இல்லை.

மேலே கொண்டுவந்து போட்டதும் அவனைப் பக்கவாட்டில் உருட்டி, ஒரு கம்பளித் துண்டால் வாயையும் மூக்கையும் அழுத்தித் துடைத்தாள். அதில் இரக்கம் எதையும் நான் பார்க்கவில்லை. மேசையைத் துடைப்பாளே, அப்படித்தான் துடைத்தாள். பிறகு அவன் நல்ல கையின்மேல் பூட்ஸ் காலை வைத்துக்கொண்டு, சுத்தியலைப் பிடித்தபடி, நான் வெளியே ஓடிக் கூப்பிட்ட போலீஸ் வரும்வரை நின்றாள். அவன் அழுதான். இந்த முறை உண்மையாகவே அழுதான். "நிருஜா, கை நோகுது" என்றான். அவள் காலை எடுக்கவில்லை.

ஸ்வைன் அன்று மாலை முகம் வெளுத்துப்போய் அந்தப் பாம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் கனத்தோடு சோதிக்க எங்களுக்கு அனுமதி கிடைத்திருக்காது என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். நான் கிழிந்த உதட்டோடு சிரித்தேன். வலித்தது.

அடி பட்டதைவிட அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. மாஸ்டர் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லியிருந்தால் போதும். கோயில் மடப்பள்ளியில் ஆரம்பித்து ஊரெல்லாம் வேறு கதை சொன்னார். பல்லு உடைஞ்சும் புருசனைக் காப்பாத்தினவள், தாலிப் பாசம், இந்தக் காலத்திலும் இப்படி ஒரு பெண். கேட்ட பெண்கள் கண்ணைத் துடைத்தார்களாம். பல்லை யார் உடைத்தது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. கனடாவிலிருந்து அண்ணன் அழைத்தார். "உன்னை நினைச்சாப் பெருமையா இருக்கு. அவன் திருந்திட்டான். இனியாவது ரெண்டுபேரும் ஒரு வீட்டிலை..." அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு, வீங்கிய வாயோடு என்னிடம் சொன்னாள்:

"நான் அவரை விட்டிருந்தா என்னைக் கொலைகாரி எண்டு சொல்லியிருப்பினம். எடுத்ததாலை பெண்சாதி எண்டு சொல்லினம். எது செய்தாலும் அவரின்ரை கணக்கிலைதான் எழுதுவினம், எஸ்தர்."

 அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

குளிர்காலத்தில் வழக்கு வந்தது. நான் சாட்சி. மாஸ்டரும் சாட்சி, மொழிபெயர்ப்பாளரோடு. மதுரன் புதுக் கோட்டில், கையில் கட்டோடு, தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். எவ்வளவு காலம் உள்ளே இருப்பான், வெளியே வந்தால் அவளை நெருங்கலாமா கூடாதா என்பதுதான் கேள்வி. அவனுடைய வக்கீல் நன்றாகப் பேசினார். இது துக்கத்தில் நிதானம் இழந்த ஒரு குடும்பம். மரண அறிவித்தலில்கூட இவர் பெயர் மருமகன் என்று இருக்கிறது. இறந்தவரின் மகனே எழுதியது. இவர் தண்ணீரில் உயிருக்குப் போராடியபோது, அடிபட்ட மனைவியே தன் கையைக் கிழித்துக்கொண்டு காப்பாற்றியிருக்கிறார். வெறுப்பவர் செய்கிற காரியமா இது? இவர்களுக்கு நடுவில் இருக்கும் உறவைத் தடை உத்தரவு போட்டு வெட்டலாமா?

மாஸ்டர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். மதுரன் தலையை மெதுவாக நிமிர்த்தி அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு நம்பிக்கை தெரிந்தது. எனக்கு எழுந்து போய் இன்னொரு முறை கடிக்க வேண்டும் போலிருந்தது.

வக்கீல் அவள் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கள். ஏன் காப்பாற்றினீர்கள்? மனதில் எங்கோ அவரை இன்னும் உங்கள் கணவர் என்று நினைப்பதால்தானே?"

நிருஜா எழுந்தாள். புதுப் பல் இன்னும் பழகாததால் வார்த்தைகளை நிதானமாக வைத்து, நொர்வீஜிய மொழியில் இரண்டே வாக்கியம் சொன்னாள். நீதிபதி குனிந்து எழுதியதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். வக்கீல் அடுத்த கேள்விக்காகத் திறந்த வாயை மூடிக்கொண்டார். மதுரனின் தலை மறுபடி குனிந்தது.

அருட்பிரகாசம் மாஸ்டர் மட்டும் மொழிபெயர்ப்பாளரின் முகத்தைப் பார்த்து விழித்தார். அவருக்குப் புரியாமல் போய்விடக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, நீதிபதி கையை உயர்த்தித் தடுப்பதற்குள் அவர் பக்கம் திரும்பி அதையே தமிழில் சொன்னாள்.

"எண்ணெய்க்குள்ளை விழுந்தது எதுவெண்டாலும் வெளியிலை எடுக்கிறது என்ர வேலை, மாஸ்டர். எடுத்ததை நான் ஒருநாளும் வீட்டை கொண்டு போறதில்லை."